காஜா சார் வைக்கும் ஒரு தப்பு

மதுரையில் இறங்கியதும் முதலில் வந்து கைகொடுத்தது வெயில். எங்கள் சிங்கப்பூரிலும் வெயில் உண்டு. ஆனால் அது அரசு அலுவலர் மாதிரி. சாயங்காலமானால் பொறுப்பை மழையிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிடும். மதுரை வெயில் சொந்தத் தொழில் செய்கிறது. கடையைச் சாத்துவதே இல்லை.

என்னை அனுப்பியவள் என் மனைவி மங்கை. அவள் காய்ச்சல்களை ஆராய்கிறவள். நான் உரைநடையில் கவிதை எழுதுகிறவன். அதாவது, எந்த நாளிலும் விடுப்பு எடுக்கக்கூடியவன். மங்கைக்கு ஆராய்ச்சி என்றால் என்னவென்று கற்றுத்தந்தவர் மதுரைப் பேராசிரியர் காஜா மைதீன். அவருடைய பழைய மாணவர்கள் ஊர் ஊராகச் சிதறி, ஆளுக்கொரு காய்ச்சலைக் கட்டிக்கொண்டு வாழ்கிறார்கள். அவர்கள் எல்லோரும் சேர்ந்து சிங்கப்பூரில் அவருக்கு ஒரு பாராட்டு விழா எடுப்பதென்று முடிவாகி, மண்டபம் பிடித்து, சாப்பாட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. பாராட்டப்பட வேண்டியவர் மட்டும் வரமாட்டேன் என்றுவிட்டார். மாலை போட்டால் கழுத்து அரிக்குமாம்.

"நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க. அப்படியே அவர் வாழ்க்கையைப் பத்தி விழா மலருக்கு ஒரு கட்டுரையும் எழுதிட்டு வாங்க" என்றாள் மங்கை.

"எனக்கு அறிவியல் தெரியாதே."

"அதனாலதான். தெரிஞ்சவங்க எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க."

விமான நிலையத்தில் ஏறிய ஆட்டோவை ஓட்டியவர் பெயர் பாண்டி. கோச்சடை என்று சொல்லித்தான் ஏறினேன். வண்டி வில்லாபுரத்தில் ஒரு சந்துக்குள் நுழைந்தது.

"இது கோச்சடையா?"

"இல்லண்ணே, நம்ம வீடு. ஒரே நிமிசம். சிலிண்டரு தீந்துபோச்சு, எடுத்துக் கடையில குடுத்துட்டு நெறஞ்சதை வாங்கிட்டு வந்து எறக்கிட்டுப் போயிருவோம். வீட்டுல ஒல வச்சிருக்கா."

அவர் சொன்ன ஒரு நிமிடத்துக்குள் நான் மடியில் காலி சிலிண்டருடன் ஒரு முறையும், காலடியில் நிறை சிலிண்டருடன் ஒரு முறையும் வில்லாபுரத்தைச் சுற்றிப் பார்த்தேன். பாண்டியின் மனைவி எனக்கு மோர் கொடுத்தார். "பாவம், வெளியூரா?" என்று பாண்டியிடம் கேட்டார். "சிங்கப்பூரு" என்றார் பாண்டி, என்னைத் தானே அங்கிருந்து ஓட்டிக்கொண்டு வந்தவர் மாதிரி. சிங்கப்பூரில் ஒரு டாக்சி பாதை மாறினால் புகார் எழுதுவோம். இங்கே மோர் குடித்தேன். எது முன்னேறிய நாடு என்பதைப் பற்றி மோர் தீரும் வரை யோசித்தேன்.

காஜா சார் வீடு கோச்சடையில், வைகைக்குப் பக்கத்தில். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் மணலும் முள்ளும் இருந்தன. ஆறு எங்கோ வேலையாகப் போயிருந்தது. கதவைத் திறந்தவர் கைலியும் முண்டா பனியனுமாகச் சிறிய உருவம். கழுத்தில் ஒரு கயிறு. கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி.

"மங்கை மாப்பிள்ளையா? வாங்க. தலையைச் சாயிங்க."

சாய்த்தேன். என் இடது காதை மடக்கி, பூதக்கண்ணாடியை வைத்துப் பின்பக்கம் பார்த்தார். "ஒன்னுமில்ல. சுத்தம். உக்காருங்க."

என் இடது காதுக்குப் பின்னால் பிறந்த நாள் முதலாக ஒரு மச்சம் உண்டு, மிளகு அளவுக்கு. பெரியவர் நாகரிகமாக அதைக் கண்டுகொள்ளவில்லை என்று நினைத்தேன்.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி பர்வீன் அம்மா உருதுவில் ஏதோ நீளமாகச் சொன்னார். சார் தமிழில் "சரி, சரி" என்றார். கூடத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த இளம்பெண் சிரிப்பை அடக்கினாள். அவள் முத்துச்செல்வி, சாருடைய கடைசி ஆராய்ச்சி மாணவி. உசிலம்பட்டிக்கு மேற்கே மானாவாரி வெள்ளாமைக் குடும்பம்.

"என்ன சொல்றாங்க?" என்று மெல்லக் கேட்டேன்.

"'அரிசியில கல்லைப் பாக்கத் தெரியல, விருந்தாளி காதுல என்ன பாக்குறீங்க'ன்னு கேக்குறாங்கண்ணே. பர்வீன் பாஜிக்குச் சண்டைன்னா உருது, சமாதானம்னா தமிழ். நாலு வருசமா இங்க வந்து போறதுல பாதி உருது வந்துருச்சு."

நெய்ச்சோறும் தால்சாவும் வந்தன. முதல் வாயிலேயே நான் வந்த காரியத்தை மறந்தேன். இரண்டாம் வட்டம் பரிமாறும்போது சார் ஞாபகப்படுத்தினார்.

"சிங்கப்பூருக்கு வாங்கன்னு கூப்பிட வந்திருக்கீங்க. வியாழக்கிழமை சாயங்காலம் செல்விக்கு ஊர்ப் பரீட்சை. அவ பாஸாகட்டும். ரெண்டு பேருமாச் சேர்ந்து வாரோம். அவளுக்கு மங்கை ஆய்வுக்கூடத்துல எடம் இருக்குல்ல?"

"பெயிலானால்?"

"அவளும் வரமாட்டா, நானும் வரமாட்டேன். மண்டபத்துல நீங்க கவிதை வாசிங்க."

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். செல்வி ஏற்கெனவே நிறுத்தியிருந்தாள்.

ஊர்ப் பரீட்சை என்பது சாருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. பல்கலைக்கழகம் நடத்துகிற வாய்மொழித் தேர்வு எல்லாம் பிறகுதான். எந்த ஊர் மக்கள் ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்தார்களோ, அந்த ஊருக்குப் போய், அவர்கள் முன்னால் நின்று, கண்டுபிடித்ததைச் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். சார் ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். தேறினால்தான் ஆய்வேட்டில் அவர் கையெழுத்து. அதுவரை மாணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தேறிய நிமிடத்திலிருந்து "டாக்டரே" என்பார். மங்கையைத் தொலைபேசியில் அவர் இன்னும் "டாக்டரே" என்றுதான் கூப்பிடுகிறார். அந்தச் சமயங்களில் அவள் வீட்டுக்குள்ளேயே இரண்டங்குலம் உயர்ந்து நடப்பாள்.

மறுநாள் காலை செல்வி என்னைப் பருத்திப்பால் குடிக்கக் கூட்டிப்போனாள். தள்ளுவண்டிப் பருத்திப்பால், சுக்கு வாசனையோடு. எங்கள் ஊர் உணவங்காடியில் என்றால் இதைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, வரலாறு எழுதிய அட்டையும் பக்கத்தில் வைத்திருப்பார்கள். இங்கே வண்டிக்காரர் "வெரசாக் குடிங்க, டம்ளர் வேணும்" என்றார்.

"எனக்கு இது ரெண்டாவது தடவைண்ணே" என்றாள் செல்வி. "போன தடவை எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். ஊரே கைதட்டுச்சு. சார் எந்திரிச்சு, ஊருக்கு ரெண்டு வார்த்தை பேசிட்டு, 'செல்வி, இன்னொரு தடவை பாப்போம்'னு சொல்லிட்டுக் கார்ல ஏறிட்டாரு. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. மங்கை அக்கா எடத்தை எனக்காகப் புடிச்சு வச்சிருக்காங்க. இந்தத் தடவையும் போச்சுன்னா வேற ஆளைப் போட்ருவாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது."

அவள் கிளம்பியதும் மங்கைக்குப் போன் போட்டேன். ஏன் அந்தப் பெண் பெயிலானாள்?

மறுமுனையில் ஏதோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று ஆரம்பித்தாள். "தேறினவங்க தேறாதவங்களுக்குச் சொல்ல மாட்டோம். அது எங்களுக்குள்ள ஒரு சத்தியம் மாதிரி. ஒவ்வொரு ஊர்ப் பரீட்சையிலயும் சார் ஒரு தப்பு வைப்பார். நடுவுல எங்கேயாவது, ரொம்பச் சாதாரணமா, காய்ச்சலைப் பத்தித் தப்பா ஒன்னு சொல்லுவார். அப்ப மாணவர் எழுந்து எல்லார் முன்னாடியும் 'சார், அது தப்பு'ன்னு சொல்லணும். சொன்னாத்தான் பாஸ். முடிஞ்சதும், ஏதோ வாய் தவறிச் சொன்ன மாதிரி, அவரே ஊராருக்கு அதைத் திருத்திச் சொல்லிட்டுத்தான் கிளம்புவார்."

"நீ முதல் தடவையே சொன்னாயா?"

"மூணாவது தடவை."

"மங்கை, நீ என்னிடம் ஒரு நாளைக்கு முப்பது தடவை தப்பு என்கிறாயே."

"நீங்க சார் இல்லையே. கேளுங்க, அங்க நீங்க வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா உங்க கவிதையை இனிமே படிக்கவே மாட்டேன்."

இப்போதும் படிப்பதில்லை. ஆனாலும் மிரட்டலுக்குரிய மரியாதையைக் கொடுத்தேன்.

ரகசியம் வயிற்றுக்குள் இருக்க, அன்று மத்தியானம் ஊரைச் சுற்றினேன். டவுன் பஸ்ஸில் தொங்கினேன். நான் உட்கார்ந்த ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லாததை, திடீரென்று பெய்த மழை எனக்குச் சுட்டிக்காட்டியது. பஸ் பாதி வழியில் நின்றுபோக, ஈரச் சட்டையோடு நடந்த என்னை முன்பின் தெரியாத ஒருவர் "ஏறுங்கண்ணே, எங்கிட்டுப் போறீக?" என்று பைக்கில் ஏற்றிக்கொண்டார். இறங்கும்போது வலது பக்கமாக இறங்கினேன். சைலன்சர் வலது பக்கமாகத்தான் இருந்தது. கெண்டைக்காலில் ரூபாய் நாணயம் அளவுக்குச் சூடு.

"ஆத்தி! அந்தப் பக்கம் எறங்கலாமாண்ணே? பைக்குல போனதே இல்லையா?" என்று பதறினார் அவர். இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. யாரிடமும் சொல்லாமல் வேட்டிக்கு மாறினேன். மதுரைக்கு மரியாதை செய்கிறேன் என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

புதன்கிழமை, கட்டுரைக்காக சாரிடம் அவர் வாழ்க்கையைக் கேட்டேன். அவர் பாதியைச் சொன்னார். மீதியைப் பர்வீன் அம்மா பிடுங்கிக்கொண்டார்.

பழைய ஊருக்குள் ஒரு சந்தில் சாருடைய அத்தாவுக்குப் பூட்டுக் கடை. ஐந்து பிள்ளைகளில் இவர் ஒருவர்தான் பூட்டை விட்டுவிட்டு மருத்துவத்துக்குப் போனார். இங்கிலாந்துக்குப் போய்க் கிருமிகளைப் படித்தார். அங்கேயே இருந்துவிடச் சொன்னார்களாம். "குளிரு. அதைவிட, அங்க ஒருத்தனும் சத்தம் போட்டுப் பேச மாட்டேங்கிறான். நான் சொல்றது சரியா தப்பான்னே தெரியல" என்றார். திரும்பி வந்து அரசு மருத்துவக் கல்லூரியில் ஓர் இருட்டறையையும் பழைய நுண்ணோக்கியையும் வாங்கிக்கொண்டார்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு வருடமும் மழை ஓய்ந்ததும் மேற்கே இருந்து காய்ச்சல்காரர்கள் வருவார்கள். மலேரியா இல்லை, டைபாய்டு இல்லை. சிலர் பிழைக்கவில்லை. பத்திரிகைகள் 'மர்மக் காய்ச்சல்' என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கின. சாருக்கு அந்த வார்த்தையைக் கேட்டால் இப்போதும் மூக்கு சிவக்கிறது.

"மர்மம் காய்ச்சல்ல இல்ல. நாம பாக்காததுல இருக்கு. அத்தா சொல்லுவாரு, பூட்டு தொறக்கலைன்னா பூட்டைத் திட்டாத, தொவாரத்தைப் பாருன்னு."

அவர் சந்தேகித்தது உண்ணிக் காய்ச்சலை. வரப்புப் புதரில் இருக்கிற, கண்ணுக்கே புலப்படாத பூச்சிக் குஞ்சு கடிக்கும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோலக் கரிய பொருக்கு ஒன்று வரும். வலிக்காது; அதனால் வந்தவருக்கே தெரியாது. அக்குள், இடுப்பு, காதுமடல் என்று ஒளிவான இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும். எல்லோருக்கும் வராது, வந்தால் அதுதான் சாட்சி. சார் ஊர் ஊராகப் போய் ஆண்களின் சட்டையைக் கழற்றச் சொன்னார். பெண்கள் விளக்குமாற்றைக் காட்டினார்கள்.

"பெறகு என்னைக் கூட்டிட்டுப் போனாரு" என்றார் பர்வீன் அம்மா. "நான் படிச்சது பி.காம். மொதப் பொருக்கைக் கண்டது நான்தான். ஒரு அம்மாவுக்குப் பாவாடை நாடா கட்டுற எடத்துல. எம்புட்டு நாளாத் தேடினது! வெளிய வந்து சொன்னேன். இந்த மனுசன் நடுரோட்டுல உக்காந்து அழுதாரு."

"கண்ணுல தூசி" என்றார் சார்.

"தூசியாம்."

காரணம் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிற பழைய மாத்திரைதான். அதற்குப் பிறகு சாரிடம் படித்தவர்கள் எல்லோரும் பூதக்கண்ணாடியோடு அலைந்தார்கள். மாணவர் வீட்டில் படித்தது போதும் என்றால் சாரே போய் அங்கே உட்கார்ந்துகொள்வார். சம்மதம் கிடைக்கிற வரை டீ கேட்டுக்கொண்டே இருப்பார். டீத்தூள் தீர்ந்து சம்மதித்த வீடுகள் உண்டாம். மங்கையின் அப்பா அப்படிச் சம்மதித்தவர்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் கல்யாணமே அந்தத் தேயிலையில் விளைந்தது.

சார் மாத்திரை போட எழுந்தபோது, பர்வீன் அம்மா உருதுவில் ஏதோ சொல்லிக்கொண்டே அவர் கையிலிருந்த அட்டையை மாற்றிக் கொடுத்தார். மொழிபெயர்க்கச் செல்வி பக்கத்தில் இல்லை.

வியாழக்கிழமை விடியும்போதே எனக்கு உடம்பு கொதித்தது. காய்ச்சல். காய்ச்சல் நிபுணரின் வாழ்க்கையை எழுத வந்தவனுக்குப் பொருத்தமான உபசாரம். சொன்னால் வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று சொல்லவில்லை. ஆட்டோப் பாண்டி இன்றைக்கு மச்சான் காரை எடுத்து வந்து கார்ப் பாண்டியாகி இருந்தார். சார் முன்னால், நானும் பர்வீன் அம்மாவும் பின்னால். செல்வி காலையிலேயே ஊருக்குப் போயிருந்தாள்.

உசிலம்பட்டி தாண்டியதும் நிலம் சிவந்து, வானம் அகலமாகி, இரண்டுக்கும் நடுவே ஆடுகள் பூராவும் எங்கோ அவசரமாகப் போய்க்கொண்டிருந்தன. ஊர் எல்லையில் பாண்டி வண்டியை நிறுத்திவிட்டார்.

"அண்ணே, மேல பாருங்க."

பாதையின் இரு பக்கமும் கம்பு நட்டு, ஆகாயத்தை மறைத்து ஒரு பிளெக்ஸ். 'காய்ச்சலை ஓட விட்ட காளையே! எங்கள் மண்ணின் மகள் முனைவர் முத்துச்செல்வி அவர்களே! வருக!' நடுவில் சார் படம். அதற்குக் கறுப்புக் கூலிங்கிளாஸ் மாட்டிவிட்டிருந்தார்கள். பக்கத்தில் 'சிங்கப்பூர்ச் சிங்கமே' என்று என் பெயர். என் படம் கிடைக்காததால் மேலே நிஜமாகவே ஒரு சிங்கத்தைப் போட்டிருந்தார்கள். வாயைப் பிளந்திருந்தது.

"என்ன எழுதியிருக்கு?" என்று சார் கேட்டார். அவ்வளவு பெரிய எழுத்து. பாண்டி படித்துக் காட்டினார்.

சாருக்கு மூக்கு சிவந்தது. "பரீட்சையே நடக்கல, அதுக்குள்ள முனைவரா? இதைக் கழட்டினாத்தான் வருவேன்."

"கழட்ட முடியாதுங்க டாக்டரய்யா" என்றார் பால்கேனோடு வந்துகொண்டிருந்த ஓர் அம்மா. ஒச்சம்மா என்று பெயர். குரலே ஒரு மைக்செட். "போன தடவை பிளெக்ஸ் வைக்கல, புள்ளை பெயிலாப் போச்சு. அதான் இந்தத் தடவை மொதல்லயே வச்சிட்டோம்."

இந்த வாதத்துக்கு மருத்துவத்தில் பதில் இல்லை. சார் இறங்கி நடந்தார்.

பரீட்சை பால் சொசைட்டி வாசலில். பால் ஊற்ற வந்த பெண்கள் கேன்களோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். "பாலுக்கு டெஸ்ட் வைக்கிற எடத்துல இன்னைக்குப் புள்ளைக்கும் டெஸ்டு" என்றார் ஒச்சம்மா. செல்வி கையில் மைக்கோடு படியில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. நடுக்கத்தில் அது தரையோடு பேசிக்கொண்டிருந்தது.

சார் இரண்டு வார்த்தை பேசினார். "இது உங்க ரத்தத்துல கண்டுபிடிச்சது. உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும். நல்லாக் கேள்வி கேளுங்க, வேண்டிய புள்ளைன்னு விட்றாதீங்க. காய்ச்சல்னா வெரசா வந்து பாருங்க. ஒரு தடவை வந்தவங்க பயப்பட வேணாம், ஆயுசுக்கும் மறுபடி வராது. சரி, செல்வி, நீ ஆரம்பி."

செல்வி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு ஆரம்பித்தாள். நன்றாகவே சொன்னாள். யாருக்கு வருகிறது, எந்த மாசம் வருகிறது, எந்த வரப்பில் வருகிறது. நான் ஒவ்வொரு தடவை சார் தொண்டையைச் செருமும்போதும் இதோ தப்பு, இதோ தப்பு என்று நிமிர்ந்தேன். அவர் எச்சிலைத்தான் விழுங்கினார்.

"மாட்டு உண்ணியா இது?"

"இல்ல அயித்தை. இது அதைவிடச் சின்னது. கண்ணுக்கே தெரியாது."

"புல்லுல இருக்குங்கிற. எம் புருசன் சரக்கடிச்சிட்டு நாள் பூராம் புல்லுலதான் கெடக்கான். அவனை மட்டும் ஏன் கடிக்க மாட்டேங்குது?"

"உண்ணிக்கும் ஒரு தராதரம் இருக்கும்ல" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். கேன்கள் குலுங்கின. செல்வியும் சிரித்துவிட்டாள். அப்போதுதான் ஒச்சம்மாவின் கண் என் மேல் விழுந்தது.

"அது கெடக்கட்டும். இந்தச் சிங்கம் ஏன் இம்புட்டு நடுங்குது?"

எல்லோரும் திரும்பினார்கள். பர்வீன் அம்மா என் நெற்றியில் கை வைத்து, கையை உதறினார். சார் துள்ளி எழுந்தார். பூதக்கண்ணாடி வெளியே வந்தது. காது, கழுத்து, அக்குள் என்று என்னைப் புரட்டி, கடைசியில் வேட்டியை முழங்கால் வரை தூக்கி, கெண்டைக்காலில் வந்து நின்றார்.

"பொருக்கு! பாருங்க எல்லாரும். கறுப்பா, வட்டமா, சுத்தியும் செவப்பு. உண்ணிக் காய்ச்சல்தான். செல்வி, மாத்திரையை ஆரம்பிச்சிரு."

எனக்குள் மணி அடித்தது. இதுதான்! சைலன்சர் சூட்டைப் பொருக்கு என்கிறார். என்ன அழகான தப்பு! விருந்தாளியின் காலையே தப்பாக்கிவிட்டாரே! நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு செல்வியைப் பார்த்தேன். சொல்லம்மா. சொல்லிவிடு.

செல்வி குனிந்து பார்த்தாள். சாரைப் பார்த்தாள். ஊரைப் பார்த்தாள். பிறகு என் காயத்தில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள்.

நான் போட்ட கூச்சலில் சொசைட்டிக் கூரையிலிருந்த புறாக்கள் கிளம்பின.

"சார்" என்றாள். "பொருக்கு வலிக்காது. இது வலிக்குது. அண்ணன் ஊருக்கு வந்தே நாலு நாள்தான் ஆகுது; கடிச்சுக் காய்ச்சல் வர அதுக்கும் மேல ஆகும். இது சூடு பட்ட காயம். நீங்க சொன்னது… தப்பு சார்."

ஒச்சம்மா "ஏத்தா!" என்று வாயில் கை வைத்தார்.

"சைலன்சரா?" என்று செல்வி என்னிடம் கேட்டாள். தலையாட்டினேன். "சளிக் காய்ச்சலாத்தான் இருக்கும். எதுக்கும் நாளைக்கு ரத்தம் பாத்துக்கலாம்." கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. கவிஞனுக்கு வருவது சளிக் காய்ச்சலா?

சார் என் காலடியிலிருந்து மெல்ல எழுந்தார். பூதக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். "சரி, கிளம்புவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார். "டாக்டரே" என்று சொல்லவில்லை. செல்வி படியிலேயே நின்றாள். அவள் நின்ற நிலையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

பிளெக்ஸைத் தாண்டியதும் நான் சொல்லியே விட்டேன். "சார், மங்கை எனக்கு எல்லாம் சொல்லிவிட்டாள். பிரமாதமான தப்பு வைத்தீர்கள். அவள் கண்டுபிடித்துவிட்டாளே, பிறகு ஏன்…"

"எது தப்பு?"

"பொருக்கு."

"அது நான் வச்ச தப்பு இல்ல தம்பி."

கார் கொஞ்ச தூரம் ஓடியது. பர்வீன் அம்மா முன்சீட்டுப் பக்கம் குனிந்து, தமிழில், மிக மெதுவாகப் பேசினார். "ரெண்டு கண்ணுலயும் பொரை. ஆபரேசன் பண்ணுங்க பண்ணுங்கன்னு எம்புட்டு தடவை சொல்லிட்டேன். ஊரு ஒலகமெல்லாம் கண்ணாஸ்பத்திரிக்குன்னு மதுரைக்கு வருது. நீங்க மதுரையில இருந்துக்கிட்டு வரமாட்டேங்கிறீக."

"பொருக்கையே மாத்திப் பாத்துட்டேன் பர்வீன்" என்றார் சார். "அந்தப் புள்ளை சொல்லலைன்னா இவருக்கு வேண்டாத மாத்திரையைக் குடுத்திருப்பேன்." அவர் குரலில் கடையைப் பூட்டுகிற சத்தம் இருந்தது. அடுத்த நொடி நிமிர்ந்தார். "ஐயையோ! பாண்டி, வண்டியைத் திருப்பு!"

"என்னாச்சுங்கய்யா?"

"நான் வச்ச தப்பு அங்கேயே கெடக்கு! ஒரு தடவை வந்தா மறுபடி வராதுன்னு சொன்னேன்ல? வரும்! திருத்தாம வந்துட்டேன். எல்லாரும் வீட்டுக்குக் கொண்டு போயிருவாங்க. திருப்பு!"

பாண்டி வரப்பில் ஒரு சக்கரத்தை ஏற்றித் திருப்பினார். ஆடுகள் எங்களைத் திட்டின. சொசைட்டியை நெருங்கும்போதே மைக் சத்தம் கேட்டது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. செல்வி படியில் நின்று கையை வீசிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"…சார் மொதல்ல சொன்னதும் தப்பு. ஒரு தடவை வந்தவங்களுக்கும் மறுபடி வரும். அம்மை மாதிரி நெனச்சுறாதீங்க. காய்ச்சல்னா திரும்பவும் வரணும். இதை எல்லாரும் மறுபடி சொல்லுங்க."

"மறுபடியும் வரும்!" என்றது ஊர்.

அப்போதுதான் காரைப் பார்த்தாள். மைக் கீச்சென்றது.

சார் இறங்கி அவள் முன்னால் போய் நின்றார். "அப்பவே தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்பவே சொல்றதுக்கென்ன? நான் போனப்புறம் முதுகுக்குப் பின்னால சொல்ற?"

செல்வி தரையைப் பார்த்தாள். "மொதல்ல சொல்ல வாய் வரல சார். கடைசியில சொல்லிரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அண்ணன் கால் வந்துருச்சு. அதைச் சொல்லியே ஆகணும், மாத்திரை விசயம். ஒரே நாள்ல உங்க மூஞ்சிக்கு நேரா ரெண்டு தடவை தப்புன்னு எப்படி சார் சொல்றது? ஒரு நாளைக்கு ஒன்னுதான் சார் என்னால முடியும்."

சாருக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி வர நேரம் எடுத்தது. வந்தபின் நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசியாக இருக்கும்.

"டாக்டரே" என்றார். "வாங்க, வண்டியில எடம் இருக்கு."

செல்வி உட்கார்ந்துவிட்டாள், பால்கேன் மேலேயே. ஒச்சம்மா பிளெக்ஸ் இருந்த திசையைக் காட்டி, "நான்தான் சொன்னேன்ல" என்றார்.

சாருக்கு அடுத்த வாரமே கண் ஆபரேஷன் நடந்தது. செல்வி டாக்டரே கூட இருந்து பார்த்துக்கொண்டாள். நான் விடைபெறப் போனபோது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "பிளெக்ஸ்காரன் அன்னைக்கே பாத்துட்டான்ணே" என்றார் பாண்டி.

"சிங்கப்பூருக்கு வாரேன்" என்றார் சார். "ஒரு கண்டிசன். உங்க கட்டுரையில என்னைப் பத்தி ஒரு தப்பு வைங்க. மேடையில வாசிக்கும்போது எந்த டாக்டரு எந்திரிக்கிறாருன்னு பாக்கணும். சரி, தலையைச் சாயிங்க."

சாய்த்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் காதை மடக்கினார்.

"இங்க ஒரு மச்சம் இருக்கே! அன்னைக்கு ஒன்னுமில்லன்னு சொன்னேன். ஏன் நீங்க சொல்லல?"

"மரியாதைக்காக…"

"நீங்க பெயிலு" என்றார்.

அடுப்படியிலிருந்து பர்வீன் அம்மா தமிழில் சிரித்தார்.

ஊர் திரும்பி இதை எழுதி முடித்து, அவர் சொன்னபடி தெரிந்தே ஒரே ஒரு தப்பை உள்ளே வைத்து, ஒன்றும் சொல்லாமல் மங்கையிடம் கொடுத்தேன். அவள் பென்சிலோடு உட்கார்ந்து படித்துவிட்டு, ஏழு தப்பு இருக்கிறது என்றாள். நான் வைத்தது அந்த ஏழில் இல்லை.